பட்டறைக் கொட்டகைக்கு வைரம் பார்த்து மரம்

தோட்டத்தில் கலப்பை, மண்வெட்டிகளைப் பழுது பார்க்கப் பட்டறைக் கொட்டகை போட நினைக்கும் விவசாயிகள், வரப்பில் நிற்கும் சொந்த மரங்களையே உபயோகிக்கலாம். ஆனால் கைக்குக் கிடைத்ததை வெட்டி நட்டால் சில ஆண்டுகளில் கறையான் தின்றுவிடும். கூரைக்குப் போட்ட பணமும் வீண்.

முதலில் பார்க்க வேண்டியது வைரம். கருவேல், வேம்பு, பூவரசு ஆகியவற்றில் வைரம் நடுவில் இருக்கும். சுற்றியுள்ள வெளிறிய பாகத்தையே பூச்சிகள் துளைக்கும். எனவே தூணுக்கு முதிர்ந்த கருவேலை எடுத்து, வெளிறிய பாகத்தைச் செதுக்கி எறிய வேண்டும். இளமரம் எவ்வளவு பருத்திருந்தாலும் தூணுக்கு ஆகாது.

பனையும் தென்னையும் இதற்கு நேர்மாறு. வைரம் வெளியே, சோறு உள்ளே. (வெளியே வைரமுள்ளவற்றைத் தொல்காப்பியம் மரம் என்னாமல் புல் என்கிறது.) முதிர்ந்த மரத்தின் அடிப்பாகத்தைப் பிளந்து, சோற்றை நீக்கினால் விட்டத்துக்கும் கைமரத்துக்கும் உறுதியானது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-ல் தமிழக அரசு அறிவித்துள்ளது. ஆகவே விழுந்த மரம், பட்டுப்போன மரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

கதவுக்கும் வேலை மேஜைக்கும் வேம்பு போதும். பூச்சியைத் தாங்கும், ஆனால் பச்சையாக அறுத்து அடித்தால் கோணிக்கொள்ளும். பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி கொடுத்துக் காற்றுப் புகும்படி அடுக்கிச் சில மாதங்கள் உலர்த்த வேண்டும். முனைகளில் தார் பூசினால் வெடிப்பு குறையும்.

எந்த மரமானாலும் தூணை மண்ணில் புதைக்காமல் கல் பாதத்தின் மேல் நிறுத்தி, காற்றுக்குச் சாயாதபடி இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும்.