உப்பா, தூக்குவாளியா? டைனமிக்ஸ் மாற்றங்களைக் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

டெவலப்மென்ட் சூழலில் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த படிவங்களும் ஃபீல்டுகளும் தயார். நாளைக் காலை விற்பனைப் பிரிவு வேலையைத் தொடங்கும்போது அவை புரொடக்‌ஷனில் இருந்தாக வேண்டும். சொல்யூஷனை எக்ஸ்போர்ட் செய்யப் போனால் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 கேட்கும்: மேனேஜ்டா, அன்மேனேஜ்டா? பழக்கத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எதைத் தட்டினாலும் முதல் நாள் வித்தியாசம் தெரியாது. போட்டதை எடுக்க வேண்டிய நாள் ஒன்று வரும், அன்றைக்குத் தெரியும். அந்த நாளை மனதில் வைத்துத்தான் இன்றைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொல்யூஷன் என்கிற இந்தப் பொட்டலம் டைனமிக்ஸ் சிஆர்எம் 2011 பதிப்போடு வந்தது. அதற்கு முன்பு மாற்றங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்துப் போய் ஏற்றுவார்கள். எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கே இருக்காது.

அன்மேனேஜ்டு சொல்யூஷன் குழம்பில் கரைத்த உப்பு. இறக்கியதும் அதிலுள்ள எல்லாம் அந்தச் சூழலின் சொந்த மாற்றங்களோடு கலந்துவிடும். ஏற்கெனவே அங்கே யாராவது திருத்தியிருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். பின்னால் வேண்டாமென்று சொல்யூஷனை அழித்தால் போவது பெயர்ப்பலகை மட்டும்தான். டேபிள், ஃபீல்டு, படிவம் எல்லாம் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடுங்க வேண்டும்.

மேனேஜ்டு தூக்குவாளி. தனி அடுக்காக உட்காரும், தனியாகத் தூக்கிவிடலாம். ஆனால் வாளியைத் தூக்கினால் உள்ளே இருப்பதும் கூடவே போகும். சொல்யூஷனை அழித்தால் அது உருவாக்கிய டேபிளோடு அதில் பதிவான தரவும் போய்விடும். இதை அறியாமல் ‘சும்மா சுத்தம் பண்ணலாம்’ என்று கை வைப்பவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று: மேனேஜ்டாக இறங்கியதைத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. டெவலப்மென்ட் சூழல் தொலைந்து, கையில் மேனேஜ்டு ஜிப் மட்டும் மிஞ்சினால், அதிலிருந்து மூலத்தை மீட்டு வேலையைத் தொடர வழியில்லை. அதனால் ஒவ்வொரு வெளியீட்டிலும் இரண்டையும் எடுங்கள். அன்மேனேஜ்டு கிட் (Git) களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கட்டும், மேனேஜ்டு பயணம் போகட்டும்.

என் தீர்ப்பு: டெவலப்மென்ட்டில் அன்மேனேஜ்டு, அதைத் தாண்டிய எல்லா இடத்திலும் மேனேஜ்டு. மைக்ரோசாஃப்டின் பரிந்துரையும் இதுவே. ஒரே ஒரு சூழலை வைத்துக்கொண்டு, அதிலேயே மாற்றி அதிலேயே வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்துக்கு இந்தக் கேள்வியே எழாது.

‘இரண்டே ஃபீல்டுதானே, புரொடக்‌ஷனில் கையாலேயே போட்டுவிடலாம்’ என்பது மூன்றாவது வழி. வேண்டாம். டெவலப்மென்ட்டில் எண்ணாகவும் புரொடக்‌ஷனில் எழுத்தாகவும் அதே பெயரில் ஃபீல்டு உருவாகிவிட்டால், அடுத்த சொல்யூஷன் இறங்கும்போது வகை பொருந்தவில்லை என்று முரண்டு பிடிக்கும்.

மேனேஜ்டு என்று முடிவு செய்தால் வேலை தொடங்கும் முன்பே, சொல்யூஷன் யாருடையது என்று காட்டும் பப்ளிஷரை அமைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஃபீல்டுகளின் உள்பெயர் முன்னால் ‘நியூ’ போன்ற ஏதோ ஒரு முன்னொட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு மாற்ற முடியாது. அடுத்த பதிப்பை ஏற்றும்போது அப்டேட், அப்கிரேடு என்று இரண்டு வழி. நீங்கள் புதிய பதிப்பிலிருந்து நீக்கிய ஃபீல்டை அப்டேட் தொடாது. அப்கிரேடு தரவோடு சேர்த்து அழிக்கும். பழைய ஃபீல்டின் தரவைப் புதியதற்கு மாற்ற வேண்டுமா? அப்கிரேடை ‘ஸ்டேஜ்’ செய்து நிறுத்தி, தரவை நகர்த்திவிட்டுப் பிறகு முடியுங்கள். இதற்காகவே நான் மேனேஜ்டு பக்கம்.

எந்தப் பொட்டலமானாலும் சில விஷயங்கள் அதில் ஏறாது. பாதுகாப்பு ரோல் போகும், அது யாருக்கு என்ற ஒதுக்கீடு போகாது. பட்டியல் டேபிள்களில் உள்ள பதிவுகளும் போகாது. ஒரு வொர்க்ஃப்ளோ குறிப்பிட்ட ஒரு பதிவைச் சுட்டினால், அடுத்த சூழலில் அந்தப் பதிவுக்கு வேறு அடையாள எண் இருக்கும். வொர்க்ஃப்ளோ கையை விரித்துவிடும். கான்ஃபிகரேஷன் மைக்ரேஷன் என்ற தனிக் கருவி அடையாள எண் மாறாமல் அந்தப் பதிவுகளைக் கொண்டுபோகும். என்விரான்மென்ட் வேரியபிளின் நடப்பு மதிப்பைச் சொல்யூஷனிலிருந்து எடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் சோதனை முகவரி புரொடக்‌ஷனுக்குக் குடிபோய்விடும்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் அன்மேனேஜ்டாக இறக்கியாயிற்று என்பவர்கள் மனம் தளர வேண்டாம். அதே பெயரில் மேனேஜ்டை நேரே இறக்கப் பார்த்தால் ஏற்காது. முதலில் புரொடக்‌ஷனில் இருக்கும் அன்மேனேஜ்டு சொல்யூஷனை அழியுங்கள். பெயர்ப்பலகைதான் போகும், டேபிளும் தரவும் பத்திரம். பிறகு அதே பப்ளிஷரின் மேனேஜ்டு பதிப்பை இறக்குங்கள். ஆனாலும் பழைய மாற்றங்கள் மேல் அடுக்கில் ஏடு போலப் படிந்திருக்கும். நீங்கள் அனுப்பும் புதிய மாற்றம் கீழே மறைந்து கிடக்கும், திரையில் தெரியாது. சொல்யூஷன் லேயர்ஸ் பகுதியில் பார்த்து அந்த அன்மேனேஜ்டு அடுக்கை நீக்க வேண்டும். முதலில் ஒரு பிரதிச் சூழலில் செய்து பார்த்துவிடுங்கள். புரொடக்‌ஷனில் செய்ய வெள்ளிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.