வேலைக்கு அனுப்பும் வயது

கேள்வி: எங்கள் லயத்தில் 15 வயதுப் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். 14 முடிந்தால் சட்டப்படி சரி என்கிறார் தரகர். உண்மையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தரகர் பழைய சட்டம் பேசுகிறார், சகோதரி. வேலைக்கான குறைந்தபட்ச வயது 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. கட்டாயக் கல்வியும் 16 வயது வரைதான். அந்தப் பிள்ளை இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

16 ஆகிவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடுமா? டயகமவிலிருந்து கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்குப் போன சிறுமி, அதே 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவளுக்கு வயது 16. மலையகமே தெருவுக்கு வந்தது. வேலைக்கு வைத்த வீட்டில் அடி, பட்டினி என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. 1995இலிருந்தே உள்ள சட்டம்; தரகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளையின் தாயோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பார்க்க அவரைக் கூட்டிப் போங்கள். தரகர் அவசரப்படுத்தினால் உடனே 1929ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது; தமிழிலேயே பேசலாம்.