தாளம் தப்பிய நாடியோடு வாழப் போகிறவர்களுக்கு

அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்று ஓய்வு பெற்றவன் நான். பிறகு எனக்கே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. ஏ.எஃப். என்று இசிஜி தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிற உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் நோயைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "வாழ்நாள் பூரா மாத்திரையா சார்? கிட்னி போயிடாதா?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

1. படபடப்பைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சேர்ந்து சுருங்க வேண்டும். இந்த நோயில் அவை நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. நடுவில் இருக்கும் கணு அதில் சிலவற்றை மட்டும் கீழே விடுவதால்தான் நாடி வேகமாகவும் கோணல்மாணலாகவும் ஓடுகிறது. சிலருக்கு மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இசிஜியில்தான் அகப்படும்.

இடது மேலறையில் காதுமடல் மாதிரி ஒரு சிறிய பை உண்டு. அறை சுருங்காததால் அதில் ரத்தம் தேங்குகிறது. ஓடாத வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல அங்கே கட்டி உருவாகிறது. அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பல பத்தாண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 1991இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போட்டால் படபடப்பு அடங்குவது தெரிகிறது, அதனால் அதை யாரும் விடுவதில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை போட்டால் உடம்பில் ஒன்றுமே தெரியாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று முதலில் நிறுத்துவது அதைத்தான். ஜன்னலுக்கு உள்ளிருந்து நான் பார்த்தவரை, உயிரைக் காக்கிற மாத்திரைக்குத்தான் மதிப்பு குறைவு.

2. சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்று வகை இருக்கும். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் ஆகியவை வேகத்தைக் குறைப்பவை. அமியோடரோன், ஃப்ளெக்கனைடு போன்றவை தாளத்தை நேராக்கப் பார்ப்பவை. வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவை ரத்தம் உறையாமல் காப்பவை. 'வாழ்நாள் முழுக்க' என்கிற பேச்சு பெரும்பாலும் மூன்றாவது வகைக்குத்தான். முதல் இரண்டையும் டாக்டர் அவ்வப்போது கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். ஆனால் மெட்டோப்ரோலால் வகையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது; வேகம் திரும்ப எகிறும்.

மூன்றாவது வகையும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. பக்கவாத ஆபத்தைக் கணக்கிட சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் நோய், 65 வயது ஒவ்வொன்றுக்கும் 1. 75 வயதைத் தாண்டினாலோ, முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ 2. பெண்களுக்குத் தனியாக 1 சேர்க்கும் வழக்கமும் இருந்தது. ஐரோப்பிய இதயவியலாளர்கள் 2024 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். "என் மதிப்பெண் எத்தனை டாக்டர்?" என்று கேளுங்கள். வேறு நோய் எதுவும் இல்லாத ஐம்பது வயதுக்காரருக்கு இந்த மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை.

3. 'எலி மருந்து' கதை உண்மைதான். அதற்காக ஓட வேண்டாம்.

1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்பு க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933இல் ஒரு விவசாயி உறையாத ரத்தத்தை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது வார்ஃபரின். 1948இல் எலிக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு வந்தது. அடுத்த வருடமே மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். அளவு மீறினால் எலியைக் கொல்லும். அளவில் நிறுத்தினால் மனிதரைக் காக்கும். அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப். உள்ள பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசிட்ரோமும் இதே குடும்பம்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று எழுதி வையுங்கள். ஆய்வக ரிப்போர்ட் தொலையும், நோட்டு தொலையாது. கீரையை அறவே விடச் சொல்லி வீட்டில் பயமுறுத்துவார்கள். வைட்டமின் கே நிறைய உள்ள கீரை இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் சிக்கல் வருவது கீரையால் அல்ல, அளவு மாறுவதால். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, மறுமாதம் மரத்தில் தழைந்திருக்கிறதே என்று தினமும் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள்.

4. புது மாத்திரைகள் வசதியானவை. எல்லோருக்கும் பொருந்தாதவை.

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபானுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கும் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு வார்ஃபரினைவிடக் குறைவு. கிட்னி போகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இவை கிட்னியைக் கெடுப்பதாகப் பயப்படாதீர்கள், ஆனால் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது, வயதானவர்கள் இன்னும் அடிக்கடி, கிரியாட்டினின் பார்க்க வேண்டும்.

ரிவரோக்சபானை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். வெறும் வயிற்றில் முழுதாகச் சேராது. ஏகாதசி, நோன்பு இருக்கிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். டாபிகாட்ரான் கேப்ஸ்யூல் ஈரக்காற்று பட்டால் கெடும். அட்டையிலிருந்து பிரித்து வார டப்பாவில் போடாதீர்கள், உடைத்துத் தண்ணீரில் கலக்காதீர்கள்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய மாத்திரைதான். அவர்களுக்கு மதிப்பெண் கணக்கே கிடையாது, மாத்திரை கட்டாயம். ருமாட்டிக் நோயாளிகள் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபானைவிடப் பழைய வகையே அதிக உயிர்களைக் காத்தது. பக்கத்து வீட்டுக்காரர் புதிது போடுகிறார் என்று கேட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

5. ஆஸ்பிரின் உறைவைத் தடுக்கும் மாத்திரைக்கு மாற்று இல்லை. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டபோது அபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "சின்ன மாத்திரை, ஆபத்தில்லாதது" என்று ஆஸ்பிரினில் நின்றுவிட்டவர்கள் இதை டாக்டரிடம் எடுத்துப் பேச வேண்டும்.

6. "அம்மா அடிக்கடி தடுமாறுறாங்க, விழுந்தா ரத்தம் நிக்காதே" என்று நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கு.

கனடாவில் 1999இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். பக்கவாத ஆபத்துள்ள முதியவர் வருடத்துக்கு 295 தடவை விழுந்தால்தான் வார்ஃபரினின் கெடுதல் அதன் நன்மையை மிஞ்சும் என்று வந்தது. மாத்திரையை நிறுத்தாமல், குளியலறையில் கைப்பிடி போடுங்கள். ஆனால் தலையில் அடிபட்டால் மட்டும், வெளியே காயமே இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

7. ஊசி, வலி மாத்திரை, பொட்டலம்.

காய்ச்சல் என்றால் நமக்கு ஒரு ஊசி போட்டால்தான் திருப்தி. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டால் தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கலாம். கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடியவை. இதோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பாராசிட்டமால் பரவாயில்லை, அசிட்ரோம் எடுப்பவர்கள் அதையும் தொடர்ந்து பல நாள் போட்டால் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் இரண்டும் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும்.

நாட்டு மருந்தை நான் இகழ்வதில்லை. பெயர் எழுதாத பொட்டலத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுப்பவர் சொல்ல மாட்டார் என்றால், வாங்காதீர்கள். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றி நான் பேசவில்லை.

பல் பிடுங்குவதற்கு மாத்திரையை நீங்களாக நாலு நாள் முன்பே நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தத் தேவையிருக்காது. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

மலம் கருப்பாகப் போனால், சிறுநீர் சிவந்தால், ஈறில் கசிவு நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் அதை முடிவு செய்வது நீங்கள் இல்லை.

8. அமியோடரோனுக்கு மட்டும் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தாளத்தை நேராக்குவதில் அதற்கு நிகராக அதிகம் இல்லை. ஆனால் அதன் எடையில் 37 சதவீதம் அயோடின். தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். கல்லீரலையும், அரிதாக நுரையீரலையும் தொடும். வெயிலில் தோல் எரியும். கழனி வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை நடக்கிறதா என்று பாருங்கள். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் புதிதாக வந்தால் சளி மருந்து குடித்துக் காலம் கடத்தாதீர்கள். இதைத் தொடங்கும்போது அசிட்ரோம் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்; இரண்டையும் வேறு வேறு டாக்டர்கள் எழுதினால் ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு. "இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?" என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டிய மாத்திரை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

9. டிகாக்சின்: 1785இல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் நூலாக எழுதிவைத்த செடிமருந்தின் வாரிசு. சனி, ஞாயிறு விடுமுறை விட்டு வாரம் ஐந்து நாள் போடச் சொல்வது நம் ஊர் வழக்கம். உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் அப்படியே செய்யுங்கள். குமட்டல், சாப்பாடு வெறுப்பு, கண்ணில் மஞ்சள் நிறம் வந்தால் மருந்து மிஞ்சியிருக்கலாம். "வயசாயிடுச்சு, பசிக்கல" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

10. ஒருவேளை மறந்துவிட்டால்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை போடும் புது மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ஒரே தடவை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். தாண்டினால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. இவற்றின் காவல் ஒரு நாளில் கழன்றுவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பொருள் துணி இல்லை.

காசு கட்டுபடியாகாமல் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கியவர்களை எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலை இறங்கியிருக்கிறது. முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அசிட்ரோமும் ஒழுங்கான ஐ.என்.ஆரும் மரியாதையான வைத்தியம்தான்.

11. நாடியை நாளைக்கு ஒருமுறை பாருங்கள், ஐம்பது முறை வேண்டாம். ஓய்வாக உட்கார்ந்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் இந்த நோயில் கணக்கு தப்பும். பிரஷர் மிஷினில் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். ஓய்வில் நாடி 110க்கு மேல் தொடர்ந்து ஓடினால் டாக்டரிடம் போக வேண்டும்.

12. மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்கிறவர்கள் உடம்பைக் குறைக்கப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015இல் வந்த ஆய்வில் பருமனாக இருந்தவர்களில் பத்து சதவீத எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு இந்தக் கோளாறு வெகுவாக அடங்கியது. குடியை நிறுத்துங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் கோபப்படாமல் பரிசோதனைக்குப் போங்கள். அளவான ஃபில்டர் காபியை விட வேண்டியதில்லை, அந்த நிம்மதியாவது இருக்கட்டும்.

கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடைக்கும் அப்லேஷன் செய்துகொண்டவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 1998இல் பிரான்சின் போர்டோவில் ஐசாகேர் குழுவினர், கோளாறு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புவதைக் காட்டிய பின் வளர்ந்த நல்ல சிகிச்சை அது. தாளம் நேரானாலும், உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவதா என்பதை முடிவு செய்வது நாடி இல்லை, இரண்டாவதில் சொன்ன மதிப்பெண்.

13. வீட்டில் உள்ளவர்களுக்கு.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் 108ஐக் கூப்பிடுங்கள். சோடா கொடுத்துப் பார்ப்பது, காலையில் பார்க்கலாம் என்பது, இரண்டும் வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே முதலில் இரண்டு கேள்வி வரும்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறாரா, எடுத்தால் கடைசியாக எத்தனை மணிக்கு. இரண்டாவதற்கான பதிலைப் பொறுத்து அந்த ஊசி போடலாமா கூடாதா என்பதே மாறும். மாத்திரை அட்டையையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.