சர்வதேசக் கல்வி: எமது பிள்ளைகளுக்கு எவ்வழிகள் உண்டு?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வீட்டில் மருத்துவம், பொறியியல் என்றால் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. கணக்கியல் என்றாலும் தலையசைத்து விடுவார்கள். மகளோ மகனோ "நான் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால்தான், "அதைப் படித்து என்ன உத்தியோகம் பார்ப்பாய்?" என்ற கேள்வி எழுகின்றது. கேள்வி நியாயமானதே. தாலிக்கொடியை அடைவு வைத்தும், கடல் கடந்து வாழும் உறவினரிடம் கைநீட்டியும் பிள்ளையைப் படிப்பிக்கும் பெற்றோர் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் விடையை அறியாமல் பிள்ளையை மறித்து விடுவதும் சரியன்று. ஆதலால், அன்பார்ந்த பெற்றோரே, மாணவரே, அந்தக் கேள்விக்குரிய விடையைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இக்கல்வி எதைப் பற்றியது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நாடுகளின் தலைநகரங்களையும் தலைவர்களின் பெயர்களையும் மனனம் செய்வது என்று சிலர் நினைக்கின்றனர். அது பொது அறிவுப் போட்டிக்கு உதவும். சர்வதேசக் கல்வி அதுவன்று. எம் கண்முன்னே இருக்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம்.

தவக்காலத்திலே கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிச் சென்ற குடும்பங்கள் இவ்வாசகருள் பல இருக்கும். மறுகரையிலிருந்து இராமேஸ்வரத்து மக்களும் அங்கே வருகிறார்கள். அவர்கள் எந்த உரிமையில் வருகிறார்கள்? 1974 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் செய்து கொண்ட உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரையே அந்த உரிமை. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து போகலாம், அதற்கெனப் பிரயாண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று அது கூறுகின்றது. அதற்கடுத்த ஆறாம் உறுப்புரை, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. இரண்டு ஆண்டுகளின் பின், 1976 மார்ச்சில், மன்னார்க் குடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்த இன்னோர் உடன்படிக்கை வந்தது. அதனுடன் இரு நாட்டு வெளிநாட்டுச் செயலாளர்களும் கடிதங்கள் பரிமாறினர். ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என்பது அக்கடிதங்களின் சாரம்.

இப்போது பாருங்கள். "வந்து போகலாம்" என்பதற்குள் "மீன்பிடிக்கலாம்" என்பதும் அடங்குமா? மரபுரிமை பற்றிய 1974 ஆம் ஆண்டு வாசகத்தைக் கடிதங்கள் வென்று விடுமா? அடங்காது, வென்றுவிடும் என்பது இலங்கையின் நிலைப்பாடு. மரபுரிமையைக் கடிதத்தால் பறிக்க இயலாது என்று தமிழகத்திலே பலர் வாதிடுகின்றனர். இந்த வாதத்தின் நடுவிலேதான் பருத்தித்துறை முதல் மன்னார் வரையுள்ள எமது கடற்றொழிலாளரின் வலைகள் இழுவைப் படகுகளில் அகப்பட்டுக் கிழிகின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. 2016 இல் இரு நாடுகளும் மீன்பிடி பற்றிய கூட்டுப் பணிக்குழுவொன்றை அமைத்தன. ஆயினும் வலை கிழிவது நின்றபாடில்லை. பிடிபட்டுச் சிறையிருக்கும் மறுகரை மீனவனும் பெரும்பாலும் கூலிக்குப் போன ஏழைதான் என்பது இச்சிக்கலின் இன்னொரு முடிச்சு.

ஓர் உடன்படிக்கையின் வாசகத்தை எடுத்து, அது எப்போது, ஏன், எந்த நெருக்கடியில் எழுதப்பட்டது, எவர் நன்மை பெற்றார், எவர் பாதிக்கப்பட்டார், அதை மாற்ற வழியுண்டா என்று ஆராய்வதே சர்வதேச உறவுகள் என்னும் கல்வி. வரலாறு, சட்டம், பொருளியல், அரசறிவியல் ஆகிய நான்கும் அதிலே கலந்திருக்கின்றன. பேச்சுவார்த்தை மேசையில் இருப்பவருக்கு உடன்படிக்கையின் உறுப்புரையும் தெரிந்திருக்க வேண்டும். நெடுந்தீவுக் கடலில் எந்தக் காற்றுக்கு எந்த வலை விடுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் அறிந்தவர் மிகச் சிலரே. கரையோரக் கிராமத்திலே பிறந்த ஒரு பிள்ளை இக்கல்வியைக் கற்றால் அந்தக் குறை கொஞ்சமாவது தீரும்.

இது நடவாத காரியமன்று. உலகக் கடல்களுக்கெல்லாம் சட்டம் வகுத்த ஐக்கிய நாடுகள் மாநாட்டை 1973 முதல் தலைமை தாங்கி நடத்தியவர் எமது நாட்டு இராசதந்திரி ஷேர்லி அமரசிங்க. 1976 இல் ஐ.நா. பொதுச் சபைக்கும் அவர் தலைவரானார். 1980 இல் அவர் காலமானபின், 1982 டிசம்பரில் அச்சட்ட சமவாயம் கையொப்பமாயிற்று. கரையிலிருந்து 12 கடல்மைல் ஆட்புலக் கடல், 200 கடல்மைல் தனிப்பட்ட பொருளாதார வலயம் என்று நாம் இன்று பேசுவதெல்லாம் அதிலிருந்து வந்தவையே. அவர் பெயரில் ஐ.நா. 1981 இல் நிறுவிய ஞாபகார்த்த ஆய்வுதவியொன்று, கடற்சட்டத்தில் மேலாய்வு செய்வோருக்கென இருக்கின்றது. இலங்கையர் ஒருவர் பெயரிலுள்ள அந்த உதவியைப் பற்றி இலங்கை மாணவரிடம் கேட்டால் அறிந்தவர் அரிது. ஆயுதக் களைவுத் துறையில் ஜயந்த தனபாலவும், சர்வதேச நீதிமன்றத்தில் 1991 முதல் 2000 வரை நீதியரசராயிருந்த சி. ஜி. வீரமந்திரியும் இவ்வழியில் பெயர் பெற்றவர்கள். தமிழ்ப் பெண்மணியான ராதிகா குமாரசுவாமி சட்டம் படித்து, 1994 இல் பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளராகி, 2006 முதல் 2012 வரை ஆயுத மோதலில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. விசேட பிரதிநிதியாகப் பணியாற்றினார். பெண்பிள்ளைக்கு இத்துறை பொருந்தாது என்போர் இதைக் கவனிப்பார்களாக.

இனி எங்கே படிக்கலாம் என்பதற்கு வருவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கெனத் தனித் துறை உண்டு. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் அரசறிவியல் வழியாக இதனுள் புகலாம். சட்டம், பொருளியல், வரலாறு படிப்பவருக்கும் கதவு அடைபடவில்லை. வேறு பாடத்தில் பட்டம் பெறுபவரும், உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிக்க விரும்புபவரும், கொழும்பிலுள்ள பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையத்தின் டிப்ளோமா வகுப்புகளை நாடலாம். வெளிநாட்டமைச்சின் கீழ் 1995 இல் தொடங்கிய பண்டாரநாயக்க சர்வதேச இராசதந்திரப் பயிற்சி நிறுவகமும் வெளியாருக்கு டிப்ளோமா வகுப்புகளை நடத்துகின்றது.

இலங்கை வெளிநாட்டுச் சேவையில் சேர்வதற்குத் திறந்த போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். பட்டதாரியாயிருத்தல் அவசியம், எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பொருட்டன்று. அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வரும். ஆண்டுதோறும் வருமென்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். வரும்போது விழிப்பாயிருப்பவருக்கே அது பயன்படும். தெரிவாவோர் தொகை மிகச் சிறிது. ஆகவே இதையொன்றையே நம்பி மற்றவற்றைக் கைவிடுவது புத்தியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அரச சேவையிலே புகுவோர் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டியிருப்பதால், சிங்களத்தைப் பல்கலைக்கழகக் காலத்திலேயே கற்றுக்கொள்ளும் தமிழ் மாணவர் பின்னர் ஓடித்திரிய வேண்டியதில்லை.

மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்புவோருக்குப் புலமைப்பரிசில்கள் பல. அண்டை நாட்டிலிருந்து தொடங்குவோம். புதுடில்லியில் 2010 இல் ஆரம்பமான தென்னாசியப் பல்கலைக்கழகம் சார்க் அமைப்பின் எட்டு நாடுகளும் சேர்ந்து அமைத்தது. அங்கே சர்வதேச உறவுகளில் முதுமாணிப் பட்டம் பெறலாம். ஒரே வகுப்பில் நேபாளியும் பங்களாதேசியும் இந்தியரும் அருகருகே இருந்து படிப்பது புத்தகம் தராத பாடம். அதே நகரிலுள்ள ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேசக் கற்கைப் பீடம் 1955 இல் தொடங்கிய பழைய நிறுவனத்தின் வழிவந்தது. இந்திய அரசு இலங்கையருக்கு இளமாணிப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலையும், முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலையும் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் வடபகுதியார் இவைபற்றி விசாரிக்கக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கின்றது. ஆனால் இரண்டு ஆண்டுகள் வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். வெளிநாடு போனால் அங்கேயே தங்கிவிடலாம் என்ற எண்ணத்துடன் இதற்கு விண்ணப்பிப்பவர் முதலில் இந்த நிபந்தனையைப் படிக்கட்டும். 1959 இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிறைட், யப்பானிய அரசின் புலமைப்பரிசில் ஆகியனவும் உண்டு. பட்டம் பெறும் இறுதி ஆண்டு மாணவருக்கு நான் முதலில் சொல்வது ஐரோப்பாவின் இராஸ்மஸ் முண்டஸ் பற்றித்தான். அதிலே ஒரு படிப்பை இரண்டு மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கலாம். பல படிப்புகளுக்கு வேலை அனுபவம் கேட்பதில்லை. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். எமது மாணவர் பலர் ஜனவரியில்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையில் வேலை என்றதும் எல்லோரும் நியூயோர்க்கையே கனவு காண்கின்றனர். உண்மை வேறு. ஐ.நா. செயலகத்தில் பயிற்சிப் பணிக்கு இறுதியாண்டு மாணவரும், பட்டம் பெற்று ஓராண்டுக்குள் இருப்போரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் சம்பளமில்லை. ஜெனீவாவிலோ நியூயோர்க்கிலோ சொந்தப் பணத்தில் சில மாதம் வாழ்வது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இயலுமா? இவ்வொழுங்கு வசதி படைத்தவருக்கே வாய்ப்பைத் தருகின்றது என்பது என் எண்ணம். சர்வதேசத் தொழில் தாபனம் போன்ற சில நிறுவனங்கள் பயிற்சியாளருக்குப் படி கொடுக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜேர்மனியின் பொன் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தொண்டர் அமைப்பு, சொந்த நாட்டிலேயே பணியாற்றும் தொண்டர்களையும் வாழ்க்கைப்படி கொடுத்துச் சேர்க்கின்றது. பதினெட்டு வயதானவர் வீட்டிலிருந்தபடியே இணையம் மூலம் தொண்டு செய்யவும் அதில் வழியுண்டு. மொழிபெயர்ப்பு, வரைபடம், ஆய்வு எனப் பலவகை வேலைகள். நிரந்தர உத்தியோகத்துக்கான இளம் நிபுணர் பரீட்சை 32 வயதுக்கு மேற்படாதவருக்கானது. எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்பது ஆண்டுக்காண்டு மாறும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யம், சீனம், அரபு ஆகிய ஆறும் ஐ.நா.வின் உத்தியோக மொழிகள். செயலகத்தின் அன்றாட வேலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடக்கின்றது. ஆங்கிலத்துடன் பிரெஞ்சும் அறிந்த விண்ணப்பதாரி வரிசையில் முன்னே நிற்பார். பிரான்சிலும் கனடாவிலும் சித்தப்பா, மாமி இல்லாத குடும்பம் எமக்குள்ளே குறைவு. அவர்களின் பிள்ளைகளுடன் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் பிரெஞ்சு பேசினால் இரு பகுதிக்கும் நன்மை. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் கொஞ்சம் வரும்.

பணமில்லாத மாணவர் இன்றே தொடங்கக்கூடிய ஒன்றுண்டு. ஐ.நா. தனது ஒலி ஒளி நூலகத்தின் மூலம் சர்வதேசச் சட்ட விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றது. உலகின் பெயர்பெற்ற சட்ட அறிஞர்களை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்கலாம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1923 முதல் இயங்கும் சர்வதேசச் சட்டக் கழகத்தின் கோடைகால வகுப்புகளுக்கு உதவித்தொகையும் உண்டு. சட்ட மாணவருக்கு ஜெசப் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டி வேறு. திருச்சபையும் இவ்வுலகுக்குப் புறம்பானதன்று: திருப்பீடம் 1964 முதல் ஐ.நா.வில் நிரந்தரப் பார்வையாளராக இருக்கின்றது. கரித்தாஸ் போன்ற அமைப்புகளின் அலுவலகங்களில் அகதிகள், மீள்குடியேற்றம் பற்றி நேரில் கற்க முடியும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மருத்துவச் சோதனைக் கட்டணம் என்று எவராவது கேட்டால் அது மோசடி. "உங்கள் மகன் சர்வதேச இளைஞர் மாநாட்டுக்குத் தெரிவு" என்று அழகான கடிதத் தலைப்பில் வரும் அழைப்புகளையும் நன்றாக ஆராயுங்கள். மாதிரி ஐ.நா. மாநாடுகள் பேசிப் பழக நல்லவை. உள்ளூரில் நடப்பவை செலவுமில்லாதவை. ஆனால் பதிவுப் பணமாகப் பெருந்தொகை வாங்கி, இரண்டு நாள் விடுதியில் வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புபவையும் உண்டு. அச்சான்றிதழைப் புலமைப்பரிசில் நேர்முகத்தில் எவரும் பெரிதாக எடுப்பதில்லை. அங்கே அவர்கள் கேட்பது வேறு: உன் ஊரின் பிரச்சினை ஒன்றைச் சொல், அதற்கு நீ என்ன செய்தாய், இப்படிப்பு முடிந்தபின் என்ன செய்வாய் என்பதே.

முதலாம் ஆண்டு மாணவர் இந்த விடுமுறையில் செய்யக்கூடியது: 1974, 1976 உடன்படிக்கைகள் இரண்டும் சில பக்கங்களே, இணையத்தில் கிடைக்கும். அவற்றை ஆங்கிலத்தில் வாசித்து, கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியவர்கள் இருவரிடம் அவ்வுறுப்புரைகளைத் தமிழில் விளக்கி, அவர்கள் சொல்வதை எழுதிக் கொள்ளட்டும். பத்துப் பக்கம் வந்தால் போதும். புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் "எழுதிய ஆய்வு" என்ற இடத்தில் வைப்பதற்கு ஒன்று கையில் இருக்கும்.