கட்டடத்துக்கு ஒரு வீரரின் பெயர் வைக்க: திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்காரர்களுக்குச் சில யோசனைகள்

வசூல் முடிந்து, கல்வெட்டுக்கு அச்சாரம் கொடுத்து, படத்துக்கு ஃப்ரேமும் போட்ட பிறகுதான் பெரும்பாலானவர்கள் அனுமதி கேட்கப் போகிறார்கள். விழாத் தேதி குறித்தாகிவிடும், எம்.எல்.ஏ.வும் வருவதாகச் சொல்லியிருப்பார். அலுவலகத்தில் கிளார்க் நிமிராமலே கேட்கும் முதல் கேள்வி, "கட்டடம் யாருது?" அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. ஃபைல் அன்றைக்கே படுத்துவிடும்.

பெயர் வைக்கத் தகுந்தவர்களைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து மணக்காட்டுக்காரர் கேப்டன் ஆர். ஹர்ஷன். கழக்கூட்டம் சைனிக் ஸ்கூலில் படித்து, 2 பாரா சிறப்புப் படையில் சேர்ந்தவர். 2007 மார்ச் 20 அன்று காஷ்மீரின் லோலாப் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்தார், 2008 குடியரசு தினத்தில் அசோக சக்ரா அளிக்கப்பட்டது. தெற்கே வெங்ஙானூரில் பீரங்கிப் படையின் கேப்டன் ஜெரி பிரேம்ராஜ்: கார்கில் போர், 1999 ஜூலை 7, வீர் சக்ரா. இவர்களைப் போல் பதக்கம் பெற்றவர்தான் வேண்டும் என்றில்லை, உங்கள் தெருவிலிருந்து போன சிப்பாயாகவும் இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதல் வேலை, கட்டடத்தின் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மாநகராட்சி பெயின்ட் அடிக்கிறது என்பதால் அது மாநகராட்சிக் கட்டடம் ஆகிவிடாது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளாட்சிகளின் பராமரிப்புக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பள்ளியின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் பொதுக் கல்வித் துறை உத்தரவு வேண்டும். தபால் நிலையம் மத்திய அரசுடையது, கவுன்சிலரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ரயில் நிலையம் இன்னும் தொலைவு: மாநில அரசு கேட்க வேண்டும், மத்திய உள்துறை ஆட்சேபம் இல்லை என்று எழுத வேண்டும். நேமம் 'திருவனந்தபுரம் சவுத்' ஆனதும் கொச்சுவேளி 'திருவனந்தபுரம் நார்த்' ஆனதும் 2024இல் அந்த வழியாகத்தான். கோட்டைக்குள்ளும் ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றியும் இன்னொரு சிக்கல் உண்டு: நிலம் ஒருவருடையதாக இருக்கும், அதன் மேல் நிற்கும் கட்டடம் வேறொருவருடையதாக இருக்கும். வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர்ப் பதிவேட்டைப் பார்க்காமல் அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

வாய்வார்த்தையாக விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள். இந்தக் கட்டடம் எந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது? எந்த நிதியில் கட்டப்பட்டது? ஏற்கெனவே ஏதாவது பெயர் சூட்டித் தீர்மானம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். மனுவில் தேசபக்தியைக் கலந்தால் பதிலும் அதே பாணியில்தான் வரும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் நினைவுக் கட்டடங்களும், ஒரு நபரின் பெயரில் சொத்து உருவாக்குவதும் இருக்கின்றன. அந்த நிதியில் கட்டிய அங்கன்வாடியையோ பஸ் காத்திருப்புக் கூடத்தையோ தேர்ந்தெடுத்தால், எல்லாரும் சம்மதித்த பிறகும் ஆடிட் ஆட்சேபம் வந்து நிற்கும். மூன்றாவது கேள்வி பழைய நன்கொடையாளர்களுக்காக. நிலம் கொடுத்த குடும்பத்தின் பெயர் ஏதோ ஒரு பழைய தீர்மானத்தில் இருந்துவிட்டால், வீரரின் பெயரும் அந்தக் குடும்பத்தின் பெயரும் மோதிக்கொள்ளும். அந்தச் சண்டையில் ஜெயித்தாலும் ஊர் இரண்டுபடும்.

என் பிடிவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பழைய கட்டடத்தின் பெயரை மாற்றாதீர்கள். எழுபது வருடமாக 'மணக்காடு ஸ்கூல்' என்று சொன்ன வாய் பலகையைப் பார்த்து மாறாது. பள்ளியின் பெயர் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் வரைக்கும் போகும், பழைய மாணவர்கள் வேறு கொடி பிடிப்பார்கள். புதிதாக எழும்பும் நூலகம், வாசிப்பறை, உள்விளையாட்டு அரங்கம், பள்ளியின் புதிய பிளாக் — இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். பெயரில்லாமல் பிறக்கும் கட்டடத்துக்குப் பெயர் வைப்பதில் பாதி எதிர்ப்பு கிளம்பவே கிளம்பாது. தினமும் ஆள் புழங்கும் இடமாகவும் பாருங்கள். பதான்கோட்டில் 2016 ஜனவரியில் உயிர் நீத்த லெஃப்டினன்ட் கர்னல் நிரஞ்சனின் பெயரை, பாலக்காடு மாவட்டத்தில் அவருடைய ஊரான எளம்புலாசேரியின் அரசு ஐ.டி.ஐ.க்கு வைக்கக் கேரள அரசு முடிவு செய்தது. பையன்கள் தினமும் வந்துபோகும் இடம், அதனால் பெயர் புழங்கும். சென்னை சாலிகிராமத்தில் ராணுவக் குடியிருப்புக்குப் 'பரமேஸ்வரன் விஹார்' என்று பெயர். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் 1987இல் இலங்கையில் இறந்தவர். அங்கே குடியிருப்பவர்கள் முகவரி எழுதும்போதெல்லாம் அவர் பெயரையும் எழுதுகிறார்கள். வெறும் வளைவும் தூணும் கட்டினால் இந்தப் புழக்கம் கிடைக்காது.

அடுத்தது வீட்டாரின் கடிதம். வீரரின் மனைவி இருந்தால் அவரும், பெற்றோர் இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில வீடுகளில் மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு இருக்காது, அது விழா மேடையில் வெடிக்கக் கூடாது. பெயரை எப்படி எழுத வேண்டும், இனிஷியல் எது, வீட்டுப் பெயர் சேர்க்கலாமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

படைத் தரப்புக் காகிதங்களை ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் வழியாகக் கேளுங்கள். அவர்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். என்றால் இங்கே கோப்பு இருக்காது, அந்தந்தப் படையையே அணுக வேண்டும். 'தியாகி' என்று ஒரு வகை பாதுகாப்பு அமைச்சகப் பதிவில் கிடையாது. பதிவில் இருப்பது 'பேட்டில் காஷுவல்டி' அல்லது 'ஃபிசிக்கல் காஷுவல்டி'. பணியில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ இறந்தவர் பொதுவாக இரண்டாவது வகை. அவருக்கும் பெயர் வைக்கலாம், தடையில்லை. ஆனால் மனுவில் போரில் இறந்ததாக எழுதிவிட்டு, கவுன்சில் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கும்போது திணறாதீர்கள். பதக்கம் இருந்தால் அரசிதழ் அறிவிப்பின் நகல் ஒன்று போதும்.

இனி மனு. ஒரு பக்கம்: யார், எங்கே, எந்தத் தேதி, எந்தக் கட்டடம், ஏன் அந்தக் கட்டடம். வார்டு கவுன்சிலர் வழியாகக் கொடுங்கள், அப்படியே மற்றக் கட்சிக் கவுன்சிலர்களிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்காவில் ஒரு தபால் நிலையத்துக்குப் படைவீரர் பெயர் வைக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும். அந்தத் தபால் நிலையம் இருக்கும் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் கட்சி பாராமல் எல்லாரும் சேர்ந்து மசோதாவை ஆதரிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம் ஊரில் அப்படி வழக்கம் இல்லை, நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு கட்சியின் மனுவாகப் போனால் அடுத்த கட்சி கட்டாயம் இன்னொரு பெயரைக் கொண்டுவரும். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் தேர்தல் முடியும்வரை எதுவும் நகராது, ஆகவே காலண்டரையும் பாருங்கள்.

தீர்மானம் நிறைவேறியதும் எண்ணும் தேதியும் போட்ட நகலை வாங்குங்கள். துறை உத்தரவும் தேவைப்படும் கட்டடம் என்றால் அது கைக்கு வரும்வரை கல்வெட்டுக்காரரிடம் போக வேண்டாம்.

பலகை: மலையாளம் மேலே, வீட்டார் விரும்பினால் தமிழும். பதவி, பெயர், படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, இறந்த தேதியும் இடமும். பெயருக்குப் பின்னால் அசோக சக்ரா, வீர் சக்ரா போடலாம், ராணுவச் சிறப்புகளுக்கு அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. திறந்துவைத்தவர், தலைமை, முன்னிலை, வரவேற்பு எல்லாம் தனிக் கல்லில், சின்ன எழுத்தில், உள்ளே. இதற்குச் சண்டை வரும், போடுங்கள். பெயரைப் பேச்சில் வரும் அளவுக்குச் சுருக்குங்கள். 'கேப்டன் ஹர்ஷன் நூலகம்' என்றால் ஆட்டோக்காரர் சொல்வார். 'அமரர் கேப்டன் ஆர். ஹர்ஷன் ஸ்மாரக மாநகராட்சி நூலகம் மற்றும் வாசிப்பறை' என்றால் அது 'லைப்ரரி' ஆகிவிடும்.

விழா முடிந்த மறுநாள்தான் எல்லாரும் மறக்கும் வேலை இருக்கிறது. கே.எஸ்.இ.பி. மின்சார ரசீது, குடிநீர் இணைப்பு, வாக்குச்சாவடி என்றால் அதன் பட்டியல், கூகுள் மேப் எல்லாவற்றிலும் பெயரை மாற்ற எழுதிக் கொடுங்கள். உத்தரவின் நகலை லேமினேட் செய்து அலுவலக அறைக்குள் மாட்டுங்கள். சில வருடம் கழித்துப் பெயின்ட் அடிக்க வரும் காண்ட்ராக்டர் பலகையைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டுப் போனால், திரும்ப மாட்டச் சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்தக் காகிதம் மட்டும்தான்.