பள்ளத்தைத் தூர்க்க விடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தோட்டப் பொறுப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி. கிழக்கு மதிலோரம் மழைத்தண்ணீர் தேங்குகிறது, கிராவல் கொட்டி மேடாக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கொட்ட விடாதே. அந்த இடம் செங்கடம்புக்கு.

முருகன் ஊர் என்பதால் அங்கே கடம்பு வைக்க ஆசைப்படாதவர் இல்லை. நர்சரியில் வெறுமனே ‘கடம்பு’ என்றால் பந்து பந்தாகப் பூக்கும் மரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு: முழநீளச் சரத்தில் சிவப்புப் பூ தொங்கும், காய் நான்கு பட்டையாக இருக்கும்.

பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கலுக்குப் போ. ஏரிக்குள்ளேயே நிற்கும் கடப்பமரம் இதுதான். அடிமரம் மாதக்கணக்கில் தண்ணீரில், கிளையெல்லாம் நாரையும் நீர்க்காகமும். அதைத் தாங்குகிற மரத்துக்கு உன் மதிலோரம் பெரிய விஷயமா?

இன்னொன்று. இது ஆபீஸ் நேரத்தில் பூக்காது. அந்திக்கு மேல் மலர்ந்து விடியலில் கொட்டிவிடும். பத்து மணிக்குக் காரில் வருகிறவர் கண்ணில் படாது. அதனால் பள்ளத்திலும் ஷிப்ட் பஸ் நிற்கும் பக்கமாகப் பார்த்து நடு. இரவு வேலை முடித்து வருகிற பிள்ளைகள் பார்க்கட்டும். காலையில் பெருக்குகிறவர்களிடமும் பஸ் போன பிறகு பெருக்கச் சொல்லிவை.

பழுத்து விழுந்த காயை உடனே விதை. காயவைத்துச் சேமிக்க நினைக்காதே. காய்க்கு ஒரே விதை. நாற்றுக் கவரில் மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். கன்று முழங்கால் உயரம் தாண்டியபின், ஐப்பசி மழை பிடிக்குமுன் நட்டுவிடு. தேங்கும் தண்ணீர் இதற்குப் பகையில்லை, முதலிரண்டு கோடைதான் பகை. அப்போது தண்ணீர் லாரியை நீயே நின்று பார்த்து விடு. பட்டையையும் வேரையும் இடித்து மீன் மயக்குவது பழைய வழக்கம், ஆகவே கழித்த கிளைகளை அலங்கார மீன்தொட்டிப் பக்கம் போடாதே.

பூக்கச் சில வருடம் பிடிக்கும். மேனேஜருக்கு அவசரமென்றால் வேலியோரம் பூவரசு வை, அது சீக்கிரம் பச்சை காட்டும். ஒப்பந்தக்காரர் கோனோகார்பஸ் கொண்டுவந்தால் மட்டும், அரசே தடை போட்டதைச் சொல்லி, வண்டியோடு திருப்பி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்