வீட்டு சர்வருக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு எது?



மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையைப் பார்த்திருக்கிறீர்களா? பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் அங்கு வந்து கூடுகின்றன. கழிகளை நட்டுச் சேலைகளைக் கட்டி மணலிலேயே குடில் அமைத்துத் தங்குகின்றனர். விடியலில் மணலால் ஏழு படிகள் அமைத்துக் கன்னியம்மனை வணங்குகின்றனர். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியார் அந்த இரவில் பாடிய பாடல்களை, அவள் தன் அண்ணனின் கைப்பேசியில் 4கே வீடியோவாக எடுத்து வந்தாள். மொத்தம் 2 மணி நேரம். அப்பாடல்கள் எந்த நோட்டிலும் இல்லை. சில மாதங்களில் பாட்டியாருக்குத் தொண்டையில் நோய் கண்டு, பாடும் குரல் போய்விட்டது.

அந்த வீடியோவை எங்களுள் ஒருத்தியின் செங்கற்பட்டு வீட்டில் உள்ள சர்வரில் பத்திரப்படுத்தினோம். சர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். அவள் தந்தையார் 2014இல் வாங்கிய கணிப்பொறி, இரண்டு ஹார்டு டிஸ்க், ஜெல்லிஃபின் என்னும் இலவச மென்பொருள், அவ்வளவே. ஆனால் பாட்டியார் வீட்டுப் பழைய டி.வி.யில் போட்டபோது படம் நின்று நின்று ஓடியது, பின் ஓடவேயில்லை. இதைச் சரிசெய்யப் புகுந்தபோது நாங்கள் கற்றதே இக்கட்டுரை.

4கே படம் ஒன்றில் அகலவாக்கில் 3,840, உயரவாக்கில் 2,160, ஆக 82,94,400 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 படங்கள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு ஏறத்தாழ 75 கோடி பைட் ஆகிறது. இதை அப்படியே சேமிக்க எந்தக் கைப்பேசியாலும் ஆகாது. ஆகவே அது படத்தைச் சுருக்குகிறது. கடற்கரைக் கோயில் அசைவதில்லை. எனவே அதை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதுகிறது. எங்கள் வீடியோ இவ்வாறு நொடிக்கு 40 லட்சம் பைட்டுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. சுருக்கும் முறைகள் பல. 2003இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லா டி.வி.க்கும் தெரியும். 2013இல் வந்த எச்.இ.வி.சி. பழைய டி.வி.களுக்குத் தெரியாது. 2018இல் வந்த ஏவி1 இன்னும் புதியது. எங்கள் வீடியோ எச்.இ.வி.சி., அதிலும் 10 பிட் வகை. டி.வி.யோ எச்.264 மட்டுமே அறிந்தது.

பெரிய மூட்டையை அவிழ்த்துச் சிறு பொட்டலங்களாக மீண்டும் கட்டுவது போல, ஒரு முறையில் சுருங்கிய படத்தை விரித்து வேறு முறையில், வேறு அளவில் சுருக்கித் தருவதே டிரான்ஸ்கோடிங். 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது யூடியூபில் நேரடியாகப் பார்த்தவர்கள் இங்குப் பலர். (ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடியதையும், நம் மகளிர் அணி வெண்கலம் வென்றதையும் மறக்க முடியுமா?) ஒரே ஆட்டம் பெரிய டி.வி.யிலும் தாத்தாவின் சிறிய கைப்பேசியிலும் தெரிந்தது இந்த மாற்று வேலையால்தான். அவ்வேலைக்கென்றே ‘ஆர்கோஸ்’ என்னும் தனிச் சில்லைச் செய்து பயன்படுத்துவதாக யூடியூப் 2021இல் அறிவித்தது.

எங்கள் 2014ஆம் ஆண்டுக் கணிப்பொறியின் பிராசஸர் இவ்வேலையைச் செய்தபோது நொடிக்கு 6 படங்களே வந்தன. வேண்டியதோ 30. ஒரு மணி நேரப் படத்துக்கு ஐந்து மணி நேரம்! ஆகவே கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிவு செய்தோம். உண்டியல் காசையும் பிறந்த நாள் காசையும் திரட்டினோம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர், நாங்களும் தவறினோம். விளையாட்டுகளுக்கு வேகமான கார்டே வீடியோவுக்கும் வேகமானது என்று எண்ணுகிறோம். அப்படியன்று. கார்டில் விளையாட்டுப் படங்களை வரையும் பகுதி வேறு. வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் அமைந்த சிறு சுற்று வேறு. என்விடியா அச்சுற்றைத் தன் கார்டுகளில் 2012 முதல் வைத்து வருகிறது. நாங்கள் முதலில் ஒரு பழைய கார்டைத் தெரிந்தவரிடம் மலிவாக வாங்கி வந்தோம். படத்தை விரித்தது, சுருக்கும் சுற்றே அதில் இல்லை. அட்டவணையைப் படிக்காமல் வாங்கியது எங்கள் பிழை. எல்லாக் கார்டிலும் அச்சுற்று இருக்கும் என்று நம்ப வேண்டாம்: ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகியவற்றில் அது கிடையாது.

எனவே முதலில் கேட்க வேண்டியது, நம்மிடம் உள்ள வீடியோ எந்த வகை, அதைக் கார்டு விரிக்குமா என்பது. அடுத்தது, நமக்கு வேண்டிய வகையில் அது சுருக்குமா என்பது. திருமண ஸ்டூடியோக்காரர்களின் காமிரா 4:2:2 என்னும் வகையில் எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும், எச்.இ.வி.சி.யில் அவ்வகையை விரிக்கும் வசதி என்விடியாவில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் தொடங்கியது. நினைவகத்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வீட்டு அளவில் 4 ஜிபி போதும்.

கார்டே தேவைப்படாத வீடுகளும் உண்டு. இன்டெல் பிராசஸர்களிலேயே 2011 முதல் இத்தகைய சுற்று இருக்கிறது. ஏழாம் தலைமுறை முதல் 10 பிட் எச்.இ.வி.சி.யையும் அது கையாளும். எண்ணின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் மட்டும் அதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். புதிதாகச் சர்வர் அமைப்போர் என்100 பிராசஸர் உள்ள சிறு பெட்டி ஒன்றை வாங்கினாலே போதும் என்பது எங்கள் கருத்து. எங்களுடையது நான்காம் தலைமுறை. ஆதலால் கார்டு இன்றியமையாததாயிற்று.

2022இல் வந்த இன்டெல் ஆர்க் ஏ380 எங்களை மிகவும் கவர்ந்தது. அது ஏவி1 வகையிலும் சுருக்கும். ஆனால் அதற்கு ‘ரீசைசபிள் பார்’ என்னும் வசதி உள்ள மதர்போர்டு வேண்டும் என்று இன்டெல் சொல்கிறது. எங்கள் பழைய போர்டில் அது இல்லை. இறுதியில் 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 75 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கம்பி இணைக்கத் தேவையில்லாத மாதிரியாகப் பார்த்து எடுத்தோம். பழைய கார்டு வாங்கும்போது தங்கநிறப் பற்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று எதையும் விடுவதில்லை.

மின்சாரக் கணக்கை எங்கள் அருட்சகோதரி ஒருவர் போட்டுக் காட்டினார். சர்வர் 60 வாட் இழுத்து இரவு பகலாக ஓடினால் இரு மாதத்தில் 86 யூனிட். 2016இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இரு மாதத்துக்கு 100 யூனிட் சலுகையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். ஆகவே சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் இயக்குகிறோம்.

புதிய கார்டில் நொடிக்கு 90 படங்களுக்குக் குறையாமல் வந்தன. ஆயினும் இரண்டு குறைகள் கண்டோம். முதலாவது, பாட்டியாரின் சிவப்புச் சேலை சாயம் போனது போல் தெரிந்தது. கைப்பேசி எச்டிஆர் முறையில் எடுத்ததே காரணம். ஜெல்லிஃபினில் ‘டோன் மேப்பிங்’ என்பதை இயக்கியதும் சிவப்பு திரும்பிற்று. அவ்வேலையைச் செய்வது கார்டின் மற்றப் பகுதி. அதுவும் முற்றிலும் வீணன்று. இரண்டாவது, அலை. நுரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணமும் மாறுவதால், சுருக்குவதற்கு அதைவிடக் கடினமான காட்சி அரிது. கார்டு அவசரமாகச் சுருக்கிய படத்தில் நுரை கட்டம் கட்டமாக உடைந்தது. வகுப்பறைக் காட்சியை வைத்துச் சோதித்திருந்தால் இது தெரிந்தே இராது. பிராசஸர் மெதுவாகச் செய்தால் அதே அளவில் படம் சற்றுத் தெளிவாக வருகிறது. எனவே பாட்டியாருக்கான பிரதியை மட்டும் ஓரிரவு முழுதும் பிராசஸரிலேயே செய்தோம். மூல வீடியோவை அழிக்கவில்லை. ஒருமுறை சுருக்கி இழந்ததை மீண்டும் பெற இயலாது. அது இரண்டு டிஸ்குகளில் இருக்கிறது.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து பாட்டியார் வீட்டுக்குப் போனோம். டி.வி.யில் படம் தடையின்றி ஓடிற்று. அவர் வெகுநேரம் பேசாமல் பார்த்தார். மூன்றாவது பாட்டில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கிசுகிசுத்த குரலில், “இந்த அடிய மாத்திப் பாடிட்டேன் கண்ணு. எழுதிக்க, சொல்றேன்” என்றார். தோழி நோட்டை எடுத்தாள்.